டுட்டுவின் தலையில ஏன் சமாதானத்தைக் கட்டுறீங்கள்?

நைஜீரிய ஓவியர் பென் என்வொன்வு பற்றித் தேடினால் முதலில் வருவது ஒரு விலை. அவர் 1974 இல் வரைந்த 'டுட்டு' ஓவியம் பல வருசம் காணாமல் கிடந்து, 2017 இல் லண்டனில் ஒரு வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டு, 2018 இல் 12 இலட்சம் பவுண்களுக்கு ஏலம் போனது. அடுத்து வருவது ஒரு பட்டம்: தேசிய நல்லிணக்கத்தின் சின்னம். விலையில எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பட்டத்திலதான் பிரச்சினை.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1917 இல் ஒனிட்ஷாவில் ஒரு இக்போ சிற்பியின் மகனாகப் பிறந்தவர். லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் படித்தார். 1957 இல் எலிசபெத் மகாராணியே அவர் முன்னால் சிலைக்காக இருந்தார். உதட்டைத் தடிப்பாக்கி மகாராணியை ஆபிரிக்கப் பெண்ணாக்கிப்போட்டார் எண்டு சிலர் குறைப்பட்டதும் உண்டு.

1967 முதல் 1970 வரை பயாஃப்ரா போர். இக்போ மக்களின் பிரதேசம் தனிநாடு எண்டு பிரிந்தது. முற்றுகையில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனையோ பேர். போர் முடிந்ததும், வென்றவரும் இல்லை தோற்றவரும் இல்லை எண்டது அரசு. ஆனால் போர்க்காலத்தில் பயாஃப்ரா வங்கிகளில் காசு வைத்திருந்த ஆட்களுக்கு, எவ்வளவு இருந்தாலும், 20 பவுண்தான் கையில கிடைத்தது.

மூன்று வருசம் போகிறது. இஃபே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த என்வொன்வு, யொரூபா இளவரசி அடெடுட்டு அடெமிலூயியை வரைகிறார். இக்போக் கை, யொரூபா முகம். பிறகென்ன, சமாதானம் வந்திட்டுது!

எங்களுக்குள்ளயே இதில ஒத்த கருத்தில்லை. "ஒரு படம் சனத்துக்கு ஆறுதல் குடுத்தா உங்களுக்கென்ன?" எண்டு ஒரு சிநேகிதி கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்தப் படத்தின்ர அச்சுப் பிரதிகள் நைஜீரியாவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. அந்த ஆறுதலை நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் ஆறுதல் வேற, நீதி வேற. காயம் ஆறிட்டுது எண்டு ஒரு படத்தைக் காட்டினால், அந்த 20 பவுண் கணக்கை ஆர் கேக்கிறது?

இதில என்வொன்வுவில பிழை இல்லை. டுட்டுவை அவர் மூன்று தடவை வரைந்தார். நீண்ட கழுத்து, தலையில் சுற்றிய துணி, ஆரையும் சமாதானப்படுத்த அவசரப்படாத ஒரு முகம். இன்னொரு சமூகத்துப் பிள்ளையை ஒருவர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார். ஒரு ஓவியருக்கு அது காணும். மிச்ச வேலை அரசுகளுடையது. அதையும் சேர்த்து அந்தப் பெட்டையின்ர தலையில சுமத்தாதேங்கோ.