கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும், "பழசாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள்" என்கிறார்கள்!

பல வீடுகளில் இன்று இதே கதைதான். "விண்டோஸ் 10"-க்கு வழக்கமாக அளித்து வந்த பாதுகாப்பு உதவியை, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ந் தேதி நிறுத்தியது. "விண்டோஸ் 11" பல பழைய எந்திரங்களில் ஏறாது.

அதற்காகப் புதிது வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. லினக்ஸ் இருக்கிறது.

லினக்ஸ், கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்தது. அதில் பல வகைகள் உண்டு. எதை எடுப்பது?

கரு ஒன்றுதான்

எல்லா வகைக்கும் கரு ஒன்றே. அதன் பெயர் "கெர்னல்". வைபை, ஒலி, திரை ஆகியவற்றை வேலை வாங்கும் "டிரைவர்"கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. புதிய கரு, புதிய உறுப்புகளை அறியும். பழைய கரு அறியாது.

வேகமும் நிதானமும்

"பெடோரா" சுமார் 6 மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. புத்தம் புதிய எந்திரத்துக்கு ஏற்றது. ஆனால் ஒரு பதிப்புக்கு உதவி கிடைப்பது சுமார் 13 மாதம்தான். பிறகு மாற்றியே தீரவேண்டும்.

"டெபியன்" நிதானமானது. சுமார் 2 ஆண்டுக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு உதவி. முன்பெல்லாம் வைபைக்கு வேண்டிய சில கோப்புகளைத் தனியே தேட வேண்டியிருந்தது. 2023-ல் வந்த 12-ம் பதிப்பில் அந்தக் குறை நீங்கியது.

டெபியன் வழி வந்தது "உபுண்டு". உபுண்டு வழி வந்தது "மின்ட்". விண்டோஸ் பழகியவர்களுக்கு மின்ட் எளிது.

வீட்டுக்கு எது?

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருவர் சொத்து அல்ல. மகள் பரீட்சைக்கு மனுப் போடுகிறாள். அப்பா கடைக் கணக்கு எழுதுகிறார். நேற்று ஓடியது இன்றும் ஓடவேண்டும். அதுதான் முக்கியம்.

ஆகவே, பழைய எந்திரத்துக்கு மின்ட் அல்லது டெபியன்தான் நல்லது. புதுமை மோகத்தில் அடிக்கடி மாற்றுவது வீண் தலைவலி!

ஓர் எச்சரிக்கை: விண்டோசுக்கென்றே செய்த கணக்கு மென்பொருள் லினக்சில் ஓடாமல் போகலாம்.

எனவே முதலில் பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். உள்ளே எதையும் மாற்றாமலே சோதிக்கலாம். வைபை வருகிறதா? ஒலி கேட்கிறதா? பிரிண்டர் அச்சடிக்கிறதா? எல்லாம் சரி என்றால், கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஏற்றுங்கள்.

பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். பொருத்தம் கல்யாணத்துக்கு மட்டும் அல்ல!