கைக்குழந்தைக்கும் கட்டணமா?



இரத்தோட்டையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. ரிவர்ஸ்டனுக்குப் போகும் பாதையோரத்தில் அவர்களுடைய வீடு. மேல்மாடியில் உள்ள இரண்டு அறைகளை ஓர் இரவு, இரண்டு இரவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். ஏர்பிஎன்பி தளத்தில் மகன் பதிந்து கொடுத்தாராம். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்தப் பாதையில் வேன்கள் கூடிவிட்டன. முன்பு ஏலமும் மிளகும் காய வைத்த மாடியில் இப்போது வெளியூர்க்காரர் படுக்கிறார்கள்.

போன லீவுக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. தாய், தகப்பன், ஒன்பது மாதக் குழந்தை. இரண்டு இரவு தங்கினார்கள். இரவில் மூன்று தடவை சுடுதண்ணீர் கேட்டார்கள். கொடுத்தார். காலையில் குழந்தைக்குக் கஞ்சி கேட்டார்கள். காய்ச்சினார். அவர்கள் புறப்படுகிற நேரம் மேலே போய்ப் பார்த்தால் மெத்தை நனைந்து கிடக்கிறது. வெளியே விடாத மழை. மெத்தை காய நான்கு நாள் ஆனது. அடுத்து வரவிருந்தவர்களை வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது. வாசலில் நின்று, “பிள்ளைக்கு இரண்டாயிரம் ரூபா தாருங்கள்” என்று கேட்டிருக்கிறார். தகப்பன் கொடுத்துவிட்டுப் போனார். போனவர், பால்குடிப் பிள்ளைக்கும் காசு பிடுங்கும் வீடு என்று எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதிவிட்டார். “நான் செய்தது பிழையா லாத்தா?” என்று கேட்கிறார் இவர்.

கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை அந்தத் தாய்க்காகக் கோபம் வந்தது. இரண்டாம் முறை இவருக்காக வந்தது.

வழக்கம் என்ன என்று முதலில் பார்ப்போம். இவர்கள் பதிந்திருக்கும் அந்தத் தளத்தில், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை விருந்தினர் எண்ணிக்கையில் சேராது. இரண்டு பேருக்குரிய அறைக்குத் தாயும் தகப்பனும் குழந்தையுமாக வந்தால் அது இரண்டு பேர்தான். மேலதிக ஆளுக்கான கட்டணம் குழந்தைக்கு ஏறாது. புக்கிங் டொட் கொம் தளத்தில் கொஞ்சம் வேறுமாதிரி. பிள்ளைகளுக்கு என்ன விலை, தொட்டிலுக்கு என்ன விலை என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். விமானத்தில் இரண்டு வயதுக்குள் மடியில் இருக்கும் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் வாங்குவது பல வெளிநாட்டுப் பயணங்களில் வழக்கம். இந்திய ரயிலில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கட்டே இல்லை.

இந்த இரண்டு வயதைக் கவனித்தீர்களா? பால்குடிக்கு நம் மார்க்கம் சொல்லும் முழுக் காலமும் இரண்டு ஆண்டுதான். விமானக் கம்பனிக்காரர் அதைப் பார்த்து வைக்கவில்லை. ஆனாலும் தாயின் மடியை விட்டு இறங்காத பிள்ளையைத் தனி ஆளாகக் கணக்குப் பண்ணுவது எங்கேயுமே மனதுக்கு ஒவ்வவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தலைக்கு இவ்வளவு என்று குழந்தைக்கும் வைத்தால் இன்னொன்றும் நடக்கும். தாய்மார் பொய் சொல்லத் தொடங்குவார்கள். பஸ்ஸில் கொண்டக்டர் வரும்போது ஆறு வயது மகனின் காதில், “கேட்டால் நாலு என்று சொல்” என்று ஓதிய உம்மாமார் நம்மில் எத்தனை பேர்? (நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.) காசுக்குப் பயந்து குழந்தையைச் சொல்லாமல் கூட்டி வந்தால் நஷ்டம் வீட்டுக்காரிக்குத்தான். குழந்தை வருகிறது என்று தெரிந்தால்தானே மாடிப்படிக்குத் தடுப்பு வைக்கலாம், பல்கணிக் கம்பியின் இடைவெளியைப் பார்க்கலாம், தண்ணீர்த் தொட்டியை மூடலாம்? அதனால்தான் கட்டணம் இல்லாவிட்டாலும் குழந்தை எத்தனை என்று அந்தத் தளங்கள் கேட்கின்றன. கேளுங்கள். எண்ணுங்கள். எண்ணியதற்காகக் காசு வாங்காதீர்கள்.

“விருந்தாளியிடம் காசு வாங்கலாமா?” என்று மாமியாரும் ஏசினாராம். மாமியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு கணக்கு. நம் வீடு தேடி வந்த விருந்தாளிக்கு மூன்று நாள் உபசரிப்பு உரிமை உண்டு. அதற்கு விலை இல்லை. இவர்களோ விலை பேசி வந்தவர்கள். கொடுக்கல் வாங்கலில் பேசிய விலைதான் விலை. சகோதரியின் பிழை அங்கேதான் இருக்கிறது. இரண்டாயிரம் கேட்டதில் இல்லை, வாசலில் வைத்துக் கேட்டதில். வேன் ஸ்டார்ட் ஆன பிறகு சொல்லும் விலைக்கு யார்தான் மனமொப்பிக் கொடுப்பார்?

நனைந்த மெத்தைக்கு வருவோம். நம் வீடுகளில் இது வெறும் அழுக்கு மட்டுமில்லை, நஜீஸ் என்ற கவலையும் சேர்கிறது. அந்த அறையில் அடுத்து வருகிறவர் தொழுவாரே என்று இவர் இரண்டு நாள் தூங்கவில்லையாம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், இரண்டு வயதாகாத, பாலைத் தவிர வேறு ஆகாரம் உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, ஈரத்தை ஒற்றி எடுத்து, பட்ட இடம் முழுவதும் படும்படி தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தையானால் கழுவ வேண்டும். கஞ்சி சாப்பிடத் தொடங்கிய பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. இவர் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியே அதைத் தீர்த்துவிட்டது! மெத்தையை எப்படிச் சுத்தம் செய்வது என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள், அவர் இலேசான வழியைச் சொல்வார். அதைவிட இலேசு, மெத்தைக்கு மேல் ஒரு ரப்பர் சீட், அதன் மேல் விரிப்பு. பிள்ளை பெற்ற வீடுகளில் நாம் செய்வதுதானே. பம்பர்ஸ் வந்த பிறகு மறந்துவிட்டோம்.

இனி, எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், சர்வசாதாரணமாக ஒரு வரி: அறை வாடகையைக் கணவரும் மகனும் சேர்ந்துதான் முடிவு செய்தார்களாம். பாதையில் உள்ள மற்ற வீடுகள் என்ன வாங்குகின்றன என்று பார்த்து, அதைவிட ஐந்நூறு ரூபா குறைத்துப் போட்டார்களாம். விரிப்புத் துவைப்பவர் யார்? சுடுதண்ணீர் வைக்க இரவில் எழும்புகிறவர் யார்? அந்த விலையில் அவருடைய கை வேலை எங்கே இருக்கிறது? கரண்ட் பில்லைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தை எந்த வீடும் மறக்காது. காஸும் சவர்க்காரமும் கணக்கில் இருக்கின்றன. உம்மாவின் இடுப்பு மட்டும் இலவசம். அவருக்குக் காசு கேட்கக் கிடைத்த ஒரே ஆள் அந்த ஒன்பது மாதப் பிள்ளை.

அதனால் என் யோசனை இதுதான், சகோதரி. மகனையும் அவருடைய வாப்பாவையும் உட்கார வைத்து, ஓர் அறையைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்ற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சொல்லுங்கள். அதற்குக் கூலிக்கு ஆள் வைத்தால் என்ன கொடுக்க வேண்டுமோ, அதை அறை வாடகையோடு சேருங்கள். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கட்டும். இரண்டு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை என்று எழுதுங்கள். தனி மெத்தை, குழந்தைக்கென்று தனியாகச் சமைப்பது, துணி துவைத்துக் கொடுப்பது என்று நீங்கள் மேலதிகமாகச் செய்வதற்கு விலை வைக்கலாம். அதையும் வருமுன்னே, அவர்கள் வாசிக்கும்படி எழுதி வையுங்கள். சுடுதண்ணீருக்கு வைக்காதீர்கள். ஒரு பிளாஸ்க்கை நிரப்பி அறையில் வைத்தால் நீங்களும் தூங்கலாம். மெத்தையைப் பாழாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். பிள்ளை செய்தாலும் பெரியவர் செய்தாலும் சேதத்துக்கு ஈடு கேட்கலாம். ஆனால் பிள்ளைக்கு என்று கேட்காதீர்கள், மெத்தைக்கு என்று கேளுங்கள். காய வைத்தால் சரியாகிவிடும் ஈரத்தைச் சேதம் என்றும் சொல்லாதீர்கள்.

பல்கணியும் படியும் குழந்தைக்கு ஆபத்தான அமைப்பாக இருந்தால், கைக்குழந்தைக்கு ஏற்ற இடமில்லை என்று காரணத்தோடு எழுதிவிடலாம். காசை ஏற்றி விரட்டுவதைவிட அது நேர்மை.

வாங்கிய இரண்டாயிரத்தைத் திருப்பி அனுப்பவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கெட்ட பெயரை நீக்குவதற்காக என்றால் வேண்டாம், எழுதியவர் எழுதியதுதான். மனம் உறுத்துகிறது என்றால் அனுப்புங்கள். அனுப்பும்போது அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு இரவும் தூங்காதவர் நீங்கள் மட்டுமில்லை, அவரும்தான்.

இன்னொன்று. மேல்மாடி முகட்டில் ஏணை கட்ட வளை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் தளத்தில் போடச் சொல்லுங்கள்.