சதுக்கத்துக்கு அடியில் சலவைக்கூடம்

பார்சிலோனா போகிறவர்கள் கட்டடக் கலைஞர் கௌதியின் தேவாலயத்துக்குத் தாராளமாக வரிசையில் நிற்கட்டும். என்னைக் கேட்டால், பழைய நகரின் பிளாசா டெல் ரேய் சதுக்கத்துக்கு அடியில் கிடக்கும் ரோமானிய ஊர் பார்சினோவுக்குத்தான் முதல் ஓட்டு.

வியா லயெதானா சாலை போடுவதற்காக ஒரு பழைய மாளிகையைக் கல் கல்லாகப் பெயர்த்து, 1931இல் இங்கே கொண்டுவந்து எழுப்பினார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது தட்டுப்பட்டதுதான் இந்த ஊர். அள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் அடுக்காமல், கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே நடைபாதை போட்டார்களே, அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு.

தூணும் சிலையும் எங்கும் உண்டு. இங்கே இருப்பது உழைப்பாளிகளின் தெரு: சலவைக்கூடம், சாயப்பட்டறை, மீனை உப்பில் ஊறவைத்துக் குழம்பு எடுத்த தொட்டிகள், திராட்சை ரசம் நிரப்பத் தரையில் கழுத்தளவு புதைத்த பெரிய பானைகள். சாயத் தொட்டியில் நீலத்தின் தடம் இன்னும் தெரிகிறது. எந்தப் பேரரசரின் மூக்குடைந்த சிலையையும் விட எனக்கு அந்தக் கறை ஒசத்தி.

ரோமானியச் சலவைக்காரர்கள் அழுக்கு நீக்க மனிதச் சிறுநீரைப் பயன்படுத்தியவர்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் தொட்டி தொட்டியாக அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.