ஆசிரியரின் நலனும் மனச்சாட்சிக்கு உண்மையான கற்பித்தலும்: உயர்கல்வித் துறைக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், பொதுச் செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
கல்லூரி ஆசிரியர் சங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
1. அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.
2. கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைத்தல், பணிப் பாதுகாப்பு வழங்குதல், கற்பித்தல் சுதந்திரத்தையும் உடல், மன நலத்தையும் காத்தல் – கோரிக்கைகள் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அரசு, அரசு உதவி பெறும், சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரிகளில் பணியாற்றும் நிரந்தர ஆசிரியர்களும், கௌரவ விரிவுரையாளர்களும், ஒப்பந்த ஆசிரியர்களும் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்கள் அனைவரின் சார்பிலும் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

ஊதியத்துக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் ஆசிரியர் சங்கங்கள் பலமுறை மனு அளித்திருக்கின்றன. அக்கோரிக்கைகள் இதிலும் உள்ளன. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான ஒன்றை முதலில் சொல்ல விரும்புகிறோம். தாம் கற்றதை, எதிரே அமர்ந்திருக்கும் மாணவருக்குப் புரியும் விதத்தில், மனச்சாட்சிக்கு மாறில்லாமல் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும், அச்சமின்மை வேண்டும், உடலும் மனமும் நலமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இன்று ஒருசேரக் குறைந்து வருகின்றன. இழப்பு ஆசிரியருக்கு மட்டுமன்று. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் மாணவருக்கே அது பேரிழப்பு.

1. ஆவணச் சுமை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஆசிரியரின் வாரப் பணி 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. மீதி நேரம் பாடத் தயாரிப்புக்கும், ஆய்வுக்கும், விடைத்தாள் திருத்தவும், மாணவர்களைத் தனியே சந்திக்கவும் உரியது. அந்த நேரத்தைத்தான் இன்று ஆவணங்கள் எடுத்துக்கொள்கின்றன.

ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஐந்து பாட விளைவுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்தி 3, 2, 1 என்று எண் இட வேண்டும். வினாத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே கே1, கே2 என்று அறிதல் நிலையைக் குறிக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் வினாவாரியாகப் பெற்ற மதிப்பெண்ணை எக்செலில் ஏற்றி, விளைவு எத்தனை விழுக்காடு எட்டப்பட்டது என்று கணக்கிட வேண்டும். 60 பேர் படிக்கும் வகுப்பில் இதற்கே நாள்கள் போய்விடுகின்றன. யாருக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பது விடைத்தாளைத் திருத்தும்போதே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அந்த மாணவரை அழைத்து உட்காரவைத்து மறுபடி சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

கருத்தரங்கு ஒன்று நடந்தால், ஜியோ டேக் செய்த புகைப்படம், வருகைப் பதிவு, பின்னூட்டப் படிவம், அறிக்கை ஆகியவற்றை கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் கோப்புக்காகத் திரட்ட வேண்டும். அதே தகவலைத் தரவரிசைக்கு ஒரு படிவத்திலும், ஆண்டறிக்கைக்கு இன்னொரு படிவத்திலும் மீண்டும் நிரப்ப வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கீழ் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவர்களின் முகத்தில் மகிழ்ச்சியை நாங்கள் நேரில் காண்கிறோம். அத்திட்டங்களை மனதார வரவேற்கிறோம். ஆனால் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் தளமான யூமிஸில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் வேலையும், வங்கிக் கணக்கில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் வேலையும் பல கல்லூரிகளில் ஆசிரியர் தலையிலேயே விழுகின்றன.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தால் போதும் என்ற மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 ஜூலையில் தமிழகம் பார்த்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் காட்டப்பட்டிருந்தது அப்போது வெளிவந்தது. ஆவணத்தில் ஆசிரியர் இருந்தார், வகுப்பறையில் இல்லை.

கோரிக்கை: (அ) எல்லா அமைப்புகளுக்குமான தகவலை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே படிவத்தில் மட்டும் பெற வேண்டும். (ஆ) தரவுப் பதிவுக்கும் உதவித்தொகைப் பணிகளுக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் தனிப் பணியாளர்களை நியமிக்க வேண்டும். (இ) வாரக் கற்பித்தல் நேர வரம்பைச் சுயநிதிக் கல்லூரிகள் உட்பட எல்லா இடங்களிலும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

2. கௌரவ விரிவுரையாளர்களின் நிலை

ஒப்பந்த நியமனங்கள் மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதே 2018 ஒழுங்குமுறைகளில் உள்ள விதி. ஆனால் நம் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளைத் தாங்கி நிற்பவர்கள் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். பல துறைகளில் நிரந்தர ஆசிரியர் ஓரிருவர்; மற்ற அனைவரும் கௌரவ விரிவுரையாளர்களே.

வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 ரூபாய் வரை மதிப்பூதியம் வழங்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் அறிவித்தது. தமிழகத்தில் இது 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பிறகும் அந்த வரம்பில் பாதியைத்தான் எட்டியது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டுமே. மே மாதம் ஊதியம் இல்லாத மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தை அவர்கள் வெறுங்கையோடு எதிர்கொள்கிறார்கள்.

முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றிதழும் பெற்று, பத்தாண்டுக்கும் மேலாக ஒரே கல்லூரியில் பாடம் நடத்தியும் அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாமல் இருப்பவர், துறைக் கூட்டத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்லத் தயங்குகிறார். தவறான உத்தரவு வந்தாலும் மறுக்க முடியாமல் தவிக்கிறார். பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் கற்பித்தல் சுதந்திரம் என்பது பேச்சளவில்தான் இருக்கும்.

கோரிக்கை: (அ) கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய், 12 மாதங்களுக்கும் வழங்க வேண்டும். (ஆ) காலிப் பணியிடங்களைக் காலவரையறை வகுத்து நிரப்ப வேண்டும். அதில் பணி அனுபவத்துக்கு உரிய மதிப்பெண் தர வேண்டும். (இ) வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு ஆகியவற்றை வழங்க வேண்டும்.

3. கற்பிக்கும் முறையில் சுதந்திரம்

உயர்கல்வி ஆசிரியர்களின் தகுநிலை குறித்து யுனெஸ்கோ 1997 நவம்பரில் ஒரு பரிந்துரையை ஏற்றது. தலையீடின்றிக் கற்பிக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்றும், தம் அறிவுக்கும் மனச்சாட்சிக்கும் எதிராகக் கற்பிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. நாங்கள் கேட்பதும் அதுவே.

பொருளியலில் தேவை நெகிழ்ச்சி என்ற பாடம் வருகிறது. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். தக்காளி கிலோ 20 ரூபாய் விற்கும்போது வீட்டில் எவ்வளவு வாங்குவீர்கள், 100 ரூபாய் ஆனால் எவ்வளவு வாங்குவீர்கள், உப்பு விலை ஏறினால் குறைப்பீர்களா என்று ஆசிரியர் தமிழில் கேட்கிறார். கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வருகிறது. அந்தப் பதில்களைக் கொண்டே கரும்பலகையில் கோட்டை வரைந்து, பிறகு ஆங்கிலக் கலைச்சொல்லை எழுதுகிறார். இது நல்ல கற்பித்தல். ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும், ஒவ்வொரு வகுப்பும் பவர்பாயின்ட்டில்தான் நடக்க வேண்டும், இந்த டே ஆர்டரில் இந்தப் பக்கம்தான் நடந்திருக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகளில் அந்த ஆசிரியர் விளக்கக் கடிதம் எழுத நேர்கிறது.

கோரிக்கை: (அ) மாணவர் தேவைக்கேற்ப இருமொழியில் கற்பிப்பதும், முறையைத் தேர்ந்தெடுப்பதும் ஆசிரியரின் உரிமை எனச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். (ஆ) ஒவ்வொரு பாடத்திலும் ஓர் அலகை உள்ளூர்ச் சூழலுக்கேற்ப ஆசிரியரே வகுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். (இ) அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை இடங்களை 20 விழுக்காடு உயர்த்தும்போது அதே விகிதத்தில் ஆசிரியர்களையும் வகுப்பறைகளையும் தர வேண்டும்.

4. நேர்மையான மதிப்பீடு

அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் தரும் அதிகாரம் ஆசிரியரிடம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்ற வாய்மொழி உத்தரவு வரும்போது அந்த அதிகாரம் பறிபோகிறது. எழுத்தில் இல்லாத அந்த உத்தரவுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து மட்டும் ஆசிரியருடையது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதிவரும் ஒப்படைப்புகளில் மாணவரின் குரலைக் காண்பது அரிதாகிவிட்டது. மாணவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க நாங்கள் விரும்பவில்லை. அவர்கள் சொந்தமாகச் சிந்தித்து, தடுமாறி எழுதும் நான்கு வரியைப் படிக்கவே விரும்புகிறோம்.

கோரிக்கை: (அ) மதிப்பெண்ணை மாற்றச் சொல்லும் எந்த உத்தரவும் எழுத்துப்பூர்வமாக மட்டுமே இருக்க வேண்டும், மறுக்கும் ஆசிரியருக்குப் பாதுகாப்பு வேண்டும். (ஆ) வகுப்பில் எழுதுதல், வாய்மொழித் தேர்வு, களப்பணிக் குறிப்பேடு ஆகியவற்றை ஒப்படைப்புக்கு மாற்றாக ஏற்க வேண்டும். (இ) செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளை ஆசிரியர், மாணவர் பங்கேற்புடன் வகுக்க வேண்டும்.

5. பெண் ஆசிரியர்கள்

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார ஊதிய விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் உறுதிசெய்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பயன்கள் தொடரும் என உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒப்பந்தத்தில் பணிபுரியும் எங்கள் உறுப்பினர்கள் பலர், கருவுற்ற செய்தியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று மாதக்கணக்கில் மறைக்க வேண்டியிருக்கிறது.

கோரிக்கை: இத்தீர்ப்பைப் பின்பற்றி, கௌரவ, ஒப்பந்த, சுயநிதி ஆசிரியர்கள் அனைவருக்கும் மகப்பேறு விடுப்பை உறுதிசெய்ய வேண்டும். கல்லூரிகளில் காப்பகம், தூய்மையான கழிப்பறை, ஓய்வறை ஆகியவை இருப்பதை ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும்.

6. மனநலம்

மாணவர் தற்கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்பதும், ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்பதும் அவற்றுள் அடக்கம். இன்று மாணவரின் துயரத்தை முதலில் கேட்பவர் வழிகாட்டி ஆசிரியர்தான். வீட்டில் அடி, கட்டாயக் கல்யாணம், கடன், காதல் முறிவு எனக் கேட்ட அனைத்தையும் மனத்தில் சுமந்துகொண்டு அடுத்த வகுப்புக்குப் போகிறார். அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஓர் ஏற்பாடு இல்லை.

கோரிக்கை: ஆலோசகர் நியமனத்தையும் பயிற்சியையும் உடனே செயல்படுத்த வேண்டும். அந்த ஆலோசகரை ஆசிரியர்களும் இரகசியம் காக்கப்படும் உறுதியோடு அணுக வழி செய்ய வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416 ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் எழுதப்பட வேண்டும்.

7. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள்

கோடை விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று மாணவர் பிடித்துவரச் சொல்வதும், எண்ணிக்கை குறைந்தால் ஊதியத்தை நிறுத்துவதும், அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் ஆசிரியரின் மானத்தைப் பறிக்கும் செயல்கள்.

கோரிக்கை: இவற்றைத் தடைசெய்து அரசாணை வெளியிட வேண்டும். ஊதியம் வங்கிக் கணக்கில் முழுமையாகச் செலுத்தப்படுவதை, கல்லூரி இணைவைப் புதுப்பிக்கும்போது பல்கலைக்கழகங்கள் சரிபார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டோர் பெயர் வெளியாகாமல் புகார் அளிக்க மாநில அளவில் ஒரு குறைதீர் அமைப்பு வேண்டும்.

இவற்றுள் சில நிதி சார்ந்தவை; அவற்றுக்குக் காலம் தேவைப்படும் என்பதை உணர்கிறோம். ஒரே படிவம், இருமொழிக் கற்பித்தல், மதிப்பீட்டு முறை, அசல் சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஒரு சுற்றறிக்கையோ அரசாணையோ போதும். அவற்றை நடப்புப் பருவம் முடிவதற்குள் வெளியிட வேண்டுகிறோம். மற்றவற்றைப் பரிசீலிக்க, கௌரவ விரிவுரையாளர்களுக்கும் பெண் ஆசிரியர்களுக்கும் இடமளிக்கும் குழு ஒன்றை அமைத்து, ஒரு மாதத்துக்குள் எங்கள் சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கல்லூரிவாரியான விவரங்களை அப்போது நேரில் அளிக்க அணியமாக உள்ளோம்.

தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கையைக் கண்டு நாடே பாராட்டுகிறது. சேர்ந்த ஒவ்வொரு மாணவரும் உண்மையாகவே கற்று வெளியேற, அவருக்கு உண்மையாகக் கற்பிக்கும் ஆசிரியரை அரசு காக்க வேண்டும். தக்க நடவடிக்கை எடுப்பீர்கள் என்று நம்புகிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் – பொதுச் செயலாளர் – பொருளாளர்
மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்

இடம்: திருச்சிராப்பள்ளி

நகல்: மாநிலப் பல்கலைக்கழகப் பதிவாளர்கள், கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர்கள்.