ஃபிரெடியைக் கொன்றது துணிச்சலா?

2010-ல் பிரிட்டனின் இ4 சேனலில் வந்த 'ஸ்கின்ஸ்' தொடரின் நான்காம் சீசனைத் தூக்கிப்பிடித்து எழுதியிருக்கும் நண்பர், அதன் முக்கியப் பாத்திரங்களில் ஒருவனான ஃபிரெடியின் கொலையைத் துணிச்சலான யதார்த்தம் என்கிறார். அதை ஏற்காதவர்களுக்கு இருட்டைப் பார்க்கத் திராணியில்லையாம். இரண்டுமே அபத்தம்.

இந்தத் தொடரின் ரசிகர்களுக்குச் சாவு புதிதல்ல. இரண்டாம் சீசனில் கிறிஸ் செத்தான். அண்ணனைப் பலிகொண்ட அதே பரம்பரை மூளை ரத்தக்கசிவுதான் அவனையும் கொண்டுபோனது. அந்தச் சாவுக்குக் காரணமும் இருந்தது, அழ அவகாசமும் இருந்தது. இறுதிச் சடங்குக்கு நண்பர்கள் வரக்கூடாதென்று அவன் தந்தை தடுத்தபோது, அவர்களில் டோனியும் சிட்டும் சவப்பெட்டியையே திருடிக்கொண்டு போனார்கள். இளம்வயதுத் துக்கத்தின் மூர்க்கம் அதில் தெரிந்தது.

நான்காம் சீசனும் சரியாகத்தான் தொடங்கியது. முதல் அத்தியாயத்தில் நிகழும் சோஃபியாவின் தற்கொலை, அவளுக்குப் போதைப்பொருள் விற்ற நவோமியை விடாமல் துரத்துகிறது. எமிலியுடனான அவள் காதலையும் அரிக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஃபிரெடியின் காதலி எஃபியின் மனம் சிதைகிறது. அறைச் சுவர்களில் வெட்டி ஒட்டிய படங்களுக்கு நடுவே அவள் ஒடுங்கிக் கிடக்க, தாயைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஃபிரெடி கையறு நிலையில் தவிக்கிறான். மனநோயை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இளைஞர் தொடர்கள் அரிது.

அதன்பின் என்ன செய்தார்கள்? எஃபிக்குச் சிகிச்சையளிக்கும் ஜான் ஃபாஸ்டரை வெறியனாக்கி, ஏழாம் அத்தியாய முடிவில் அவன் கையில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்து ஃபிரெடியைக் கொல்லவைத்தார்கள். எஃபி எப்படி மீள்வாள் என்ற கேள்வி அங்கேயே கைவிடப்பட்டது. கடைசி அத்தியாயத்தில் ஃபிரெடியின் பிறந்தநாளுக்காக நண்பர்கள் அவனுடைய ஷெட்டில் கூடுகிறார்கள். அவன் செத்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. ஃபிரெடியின் ரத்தக்கறை படிந்த உடைகளைக் கண்ட நண்பன் குக் மட்டும் ஃபாஸ்டர் மீது பாய்கிறான். அத்தோடு சீசன் முடிந்துவிடுகிறது. ஃபிரெடிக்காக எஃபி அழும் ஒரு காட்சிகூட இல்லை.

நிஜ வாழ்விலும் சாவு காரணமில்லாமல் வரும் என்கிறார் நண்பர். வரும். ஆனால் நிஜ வாழ்வில் செத்தவனுக்காக அழ ஆளிருக்கும். எஃபியைப் போலவே தவிக்கும் இளம்பெண்களும் பார்க்கும் தொடரில், உதவ வேண்டியவனையே கொலைகாரனாகக் காட்டியது பொறுப்பற்ற செயல். நோயை எழுதத் துணிந்தவர்கள், குணமாவதை எழுதப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குத் துணிச்சல் என்று பெயர் சூட்டாதீர்கள்.