சுழி பார்ப்பதா, மாட்டைப் பார்ப்பதா?

மாட்டுச் சந்தைக்குப் போய்வரும் விவசாயிகள் அனைவரும் அறிந்த காட்சி இது. நல்ல உடற்கட்டு, தெளிந்த கண், பழுதற்ற குளம்பு, சீரான நடை ஆகிய எல்லாம் இருந்தும் ஒரு காளை மாலை வரை விலை போகாமல் நிற்கும். காரணம் கேட்டால், 'சுழி சரியில்லை' என்பார்கள். கடைசியில் அது அடிமாட்டு விலைக்குப் போகும். அதற்குப் பக்கத்திலேயே பல் தேய்ந்த மாடு ஒன்று, 'தாமணிச் சுழி இருக்கிறது' என்ற ஒரே சொல்லால் கூடுதல் விலைக்குக் கைமாறும். இரண்டிலும் இழப்பு சிறு விவசாயிக்குத்தான்.

தமிழ்நாட்டில் விவசாயக் கல்வி சைதாப்பேட்டையில் தொடங்கி 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர், விரல் பிடிக்குமுன் சுழியைத்தான் தேடுகிறார். 'சாத்திரத்தில் இருக்கிறது' என்பதே இதற்கு அவர் தரும் விளக்கம். சாத்திரத்தில் இருப்பது மாட்டிடமும் இருக்கிறதா என்று விவசாயி ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஏடு சொல்வது என்ன?

நம் முன்னோர் கால்நடைகளைக் கூர்ந்து கவனித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. தமிழில் மாட்டு வாகடம் இருக்கிறது. வடமொழியில் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் பசு இலக்கணத்திற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கண், கொம்பு, குளம்பு பற்றிய குறிப்புகள் பல கண்ணால் பார்த்துச் சொன்னவை. அவற்றோடு சகுனமும் கலந்து கிடக்கிறது.

சுழிப் பலன் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பாடைச் சுழி மாடு வந்தால் வீட்டில் சாவு விழும். பெண்டிழந்தான் சுழி இருந்தால் மனைவியை இழப்பான். விலங்குச் சுழி சிறைக்கு அனுப்பும். துடைப்பச் சுழி வீட்டைத் துடைத்துவிடும். ஏறுபூரான் செல்வத்தை ஏற்றும், இறங்குபூரான் இறக்கும் என்று சொல்லப்படுகிறது. இந்தப் பெயர்களும் பலன்களும் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை என்பதே யோசிக்க வைக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊரிலுள்ள எல்லா மாடுகளின் சுழிகளையும் குறித்துக்கொண்டு, பத்து ஆண்டுகளில் எந்த வீட்டில் நன்மை, எந்த வீட்டில் தீமை என்று எழுதி வர வேண்டும். பத்து ஆண்டில் சாவு நேராத குடும்பம் எத்தனை இருக்கும்? பாடைச் சுழி மாடு இருந்த வீட்டில் சாவு நேர்ந்தால் ஊர் அதைப் பல காலம் பேசும். அதே சுழி மாடு இருந்தும் நன்றாக வாழ்ந்த வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல சுழி மாடு வைத்திருந்தும் கடனில் மூழ்கிய வீட்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை. பலித்ததை மட்டும் எண்ணி, பலிக்காததை விட்டுவிட்டால் எந்தச் சாத்திரமும் பலிக்கத்தான் செய்யும்.

சுழியில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்வதும் சரியன்று. 1995-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த டெம்பிள் கிராண்டினும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாடுகளைக் கூண்டில் அடைத்துக் கையாளும்போது, நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாக மிரண்டன என்பது அவர்கள் கண்டது. கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாவதால் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆக, சுழி மாட்டின் குணத்தைப் பற்றி ஏதோ கொஞ்சம் சொல்லக்கூடும். மாட்டுக்காரரின் ஆயுளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எல்லாச் சமயத்திலும் உண்டு

இது இந்துக்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பைபிளின் ஆதியாகமம் 30-ஆம் அத்தியாயத்தில், யாக்கோபு பட்டை உரித்து வரி வரியாக்கிய கொப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஆடுகளின் எதிரே போட்டதாகவும், அவற்றைப் பார்த்துப் பொலிந்த ஆடுகள் வரியும் புள்ளியுமுள்ள குட்டிகளை ஈன்றதாகவும் வருகிறது. நம் ஊர் ஆடுகள் இரவு முழுவதும் கம்புப் பட்டிக்குள் வரி வரியாய் நிற்கும் கம்புகளைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கின்றன. அதனால் வரிக்குட்டிகள் பிறப்பதில்லை என்பதை ஆடு மேய்ப்பவர் அறிவார். குட்டியின் நிறம் கடாவிடமிருந்தும் தாயிடமிருந்தும் வருவது. சில வேளை இரண்டு தலைமுறை மறைந்திருந்து வெளிப்படுவது. அடுத்த அத்தியாயத்திலேயே, பொலியும் கடாக்கள் வரியும் புள்ளியும் உள்ளவையாக இருந்ததை யாக்கோபு கனவில் கண்டதாக வருவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லேவியராகமம் முயலை அசைபோடும் பிராணி என்கிறது. முயலுக்கு மாட்டைப் போல நான்கு அறை வயிறு கிடையாது. ஆனால் முயல் வளர்ப்போருக்கு ஒன்று தெரியும்: அது வெளிவிடும் மெதுவான புழுக்கையை வாய் வைத்து மறுபடியும் உண்ணும்; தாடையும் ஓயாமல் அசையும். ஆகவே, அன்று எழுதியவர் எதையோ பார்த்துத்தான் எழுதினார். அவர் பார்த்தது உண்மை. அதற்குக் கொண்ட பொருள் வேறு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஜான் கொலன்சோ என்ற ஆங்கிலேயப் பேராயர் பைபிளை ஜூலு மொழியில் பெயர்த்து வந்தார். அவருக்கு உதவியவர் வில்லியம் இங்கிடி என்ற ஜூலு இனத்தவர். ஜூலுக்கள் மாடு மேய்த்து வாழ்ந்த மக்கள். வெப்ப நாட்டு விலங்கும் குளிர் நாட்டு விலங்கும் ஒன்றாக வந்து ஒரே பேழையில் ஏறின என்பதை ஐயா நம்புகிறீர்களா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடி 1862-இல் கொலன்சோ ஒரு நூல் எழுதினார்; அதனால் தம் திருச்சபையின் விசாரணைக்கும் ஆளானார். விலங்கோடு பழகியவன் கேட்கும் எளிய கேள்விக்கு அத்தனை வலிமை உண்டு.

விஞ்ஞானத்தின் ஏடும் ஏடுதான்

அதே 1860-களில் சென்னையில் வேறொரு ஏடு சோதனைக்கு வந்தது. கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கலப்பைகளும் கருவிகளும் தருவிக்கப்பட்டு, சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை அமைந்தது. அங்கே வளர்ந்த விவசாயப் பள்ளிதான் 1906-இல் கோவைக்கு மாற்றப்பட்டு, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அன்று வந்த ஆங்கிலேயருக்கு அவர்கள் நாட்டு விவசாய நூலே வேதம். அந்த நூலில் நம் நாட்டு மாட்டின் தோளும் இல்லை, நம் மண்ணும் இல்லை. கனத்த கலப்பைகளில் பெரும்பாலானவை சிறு விவசாயியின் வயலுக்கு வந்து சேரவே இல்லை. பின்னர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த டாக்டர் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், சிறந்த நிலையிலுள்ள இந்திய விவசாயி சராசரி ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவனல்லன் என்று எழுதினார்.

ஆகவே பரிந்துரை எங்கிருந்து வந்தாலும், ஏட்டிலிருந்தானாலும் பல்கலைக்கழகத்திலிருந்தானாலும், வயலிலும் தொழுவத்திலும் தேற வேண்டும். தேறாததை விடுவதில் பாவமில்லை.

எதைப் பார்த்து வாங்குவது?

உழவு மாடானால் பல்லைப் பார்க்க வேண்டும். எட்டுப் பல்லும் சேர்ந்திருந்தால் வயது நான்கு, ஐந்து இருக்கும். சிறிது தூரம் நடக்கவிட்டு நான்கு காலும் சமமாக ஊன்றுகிறதா என்றும், ஏர் அல்லது வண்டி பூட்டி மூச்சு வாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கழுத்தில் நுகத்தடிப் புண் இருக்கக் கூடாது.

கறவை மாடானால் இரண்டாம் ஈற்றுக்குள் இருப்பது நல்லது. தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்த்தே விலை பேச வேண்டும். நான்கு காம்பிலும் பால் தடையின்றி வர வேண்டும். பாலில் திரியோ இரத்தமோ கூடாது. மடி கறந்தபின் சுருங்க வேண்டும். கருச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். காதில் 12 இலக்க எண் வில்லை இருந்தால், கால்நடை மருத்துவமனையில் அதன் சினை ஊசி, தடுப்பூசி விவரங்களைக் கேட்டறியலாம். உறைவிந்து நிலையங்களில் காளையைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் தாயின் பால் கணக்கையும் நோயற்ற நிலையையும் பார்க்கிறார்கள், சுழியைப் பார்ப்பதில்லை.

விற்பவருக்கும் ஒரு சொல். சுழியைக் காட்டி விலையைக் குறைப்பவரிடம், 'மாட்டில் என்ன குறை, அதைச் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். குறை சொல்ல முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டி மாட்டை வணங்குவதற்கு இதில் எதுவும் தடையில்லை. வணங்கும் கை பல்லையும் மடியையும் தொட்டுப் பார்க்கட்டும். முன்னோர் தம் கண்ணால் பார்த்து எழுதினார்கள். நம் கண்ணால் மறுபடியும் பார்ப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.