தேடியதற்கும் கூலி உண்டு

மூன்று வாரமாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. காரணம் என் கார். பன்னிரண்டு வயதான பெட்ரோல் வண்டி. பணி ஓய்வுப் பணத்தில் வாங்கியது. இதுவரை பெரிதாகத் தொல்லை கொடுத்ததில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குக் கிளம்பினோம். வண்டியில் நான், என் மனைவி, பேரன். கயத்தாறு தாண்டி நாலு வழிச் சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் சட்டென்று அணைந்தது. இருமலோ உதறலோ எதுவும் இல்லை, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. ஓடிய வேகத்திலேயே எப்படியோ ஓரம் கட்டினேன். லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்து போனார். பேரன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. கல்யாணத்தை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கே திரும்பினோம்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஏசி வைத்த வரவேற்பறை, காபி, சீருடை போட்ட பையன்கள். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, பழுது எண் எதுவும் பதிவாகவில்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்றார்கள். நாலு நாளில் ஊருக்குள்ளேயே மறுபடி நின்றது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பையன் வந்தான். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது பெட்ரோல் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை, பம்ப் போய்விட்டது என்றான். இழுத்துப் போய், புது பம்ப் மாட்டி, சாயங்காலம் சாவியைத் திருப்பினார்கள். உடனே ஸ்டார்ட் ஆனது. பில் 7,200 ரூபாய்.

அடுத்த வாரம் மீண்டும் நின்றது. இந்த முறை ஈ.சி.எம். போயிருக்கலாம், மாற்றினால் முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்த 'போயிருக்கலாம்' என்ற சொல்தான் என்னை உசுப்பியது.

நான் முப்பத்திரண்டு வருடம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவன். கேபிளில் மழை பெய்தால் வருகிற பழுது, வெயில் அடித்தால் மறைந்துவிடும். அப்படிப்பட்ட பழுதை அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும், நல்ல நிலையில் இருக்கும் லைனைச் சோதித்துப் பயனில்லை என்று முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். அது என் காருக்கும் பொருந்தும் என்று தோன்ற எனக்கு இவ்வளவு நாளாயிற்று!

பாளையங்கோட்டையில் வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை. அந்த அண்ணாச்சியிடம் முன்பு போய்க்கொண்டிருந்தேன், ஆறு வருடமாகப் போகவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார். "எப்ப நிக்கி சார்? சூடானப்பவா, பச்சையாவா? நின்ன பிறகு சாவியை ஆன் பண்ணா பின்னால ரெண்டு செகண்டு 'ங்' சத்தம் கேக்கா?"

கேட்டது என்றேன். "அப்ப பம்ப் நல்லாத்தானே இருந்திருக்கு" என்றார்.

மதியம் இரண்டு மணி வெயிலில் அவரும் என்னோடு வண்டியில் ஏறினார். கங்கைகொண்டான் தாண்டி, எதிர்பார்த்தபடியே நின்றது. இவர் மட்டும் சந்தோஷப்பட்டார். தன் சின்ன ஸ்கேனரைச் செருகி, என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். இன்ஜின் சுற்றுகிறது, திரையில் ஆர்.பி.எம். பூஜ்யம். பி0335 என்று ஒரு எண்ணும் வந்தது. கிராங்க்‌ஷாஃப்ட் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம்.

இங்கே ஒரு விஷயம். அந்த எண் 'மின்சுற்று' என்றுதான் சொல்கிறது, சென்சார் போய்விட்டது என்று சொல்லவில்லை. எலி கடித்த வயராகவும் இருக்கலாம், பச்சை பிடித்த கனெக்டராகவும் இருக்கலாம். அண்ணாச்சி கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். எங்கள் பாஷையில் சொன்னால் லைன் 'ஓப்பன்'. பிறகு ஈரத்துணியை அதன்மேல் சுற்றினார். சில நிமிடத்தில் மீட்டரில் எண்ணூற்றுச் சொச்சம் ஓம் வந்தது. கனெக்டரைச் செருகியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அந்தச் சென்சார் சின்ன விரல் அளவுதான். எங்கள் வண்டியில் இருப்பது, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய வகை. இன்ஜினோடு சுற்றும் பல் சக்கரத்தின் அருகில் உட்கார்ந்து, பற்கள் கடக்கும்போதெல்லாம் ஈ.சி.எம்முக்குத் துடிப்பு அனுப்புகிறது. அதை வைத்துத்தான் எப்போது பொறி, எப்போது பெட்ரோல் என்று கணக்குப் போடுகிறது. கம்பியில் மயிரிழை விரிசல் விழுந்தால், சூட்டில் விலகும், ஆறினால் சேரும். துடிப்பு வராவிட்டால் இன்ஜின் சுற்றவில்லை என்று நினைத்து ஈ.சி.எம். பாதுகாப்புக்காகப் பம்ப்பையும் நிறுத்திவிடும். அதனால்தான் அந்தப் பையனுக்குப் பம்ப் சத்தம் கேட்கவில்லை. பம்ப்பை மாற்றும் நேரத்தில் வண்டி ஆறியது. வண்டி ஓடியது ஆறியதால், பெயர் வாங்கியது பம்ப்.

புதுச் சென்சார் 1,450 ரூபாய். ஒரே ஒரு போல்ட், கால் மணி நேர வேலை. மாட்டிவிட்டு, அதே வெயிலில் கயத்தாறு வரை போய் வந்த பிறகுதான் "சரியாயிட்டு சார்" என்றார். முதல் ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கடைசிச் சோதனையை யாரும் செய்யவில்லை.

கூலி எவ்வளவு என்றேன். நூறு ரூபாய் என்றார். "ரெண்டு தடவை என்கூட வெயில்ல வந்தீங்களே அண்ணாச்சி, பாதி நாள் போச்சே?" என்றேன். சிரித்தார். "அதுக்கெல்லாம் யாரு சார் குடுக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்துக்கு முன் அவர் கடையைவிட்டு நான் போன காரணம் அதுதான். வண்டி ஐடிலில் உதறியது. ஒரு மணி நேரம் தேடி, கழன்றிருந்த ஒரு ஹோஸைச் செருகிவிட்டு 250 ரூபாய் கேட்டார். "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு இவ்வளவு?" என்று பத்துப் பேர் முன்னால் சண்டை போட்டவன் நான். தவறான பம்ப்புக்கு 7,200 ரூபாயை மறுபேச்சில்லாமல் கார்டில் தேய்த்தவனும் நானேதான். கையில் ஒரு பெட்டியும் பில்லும் கிடைத்தால் நமக்குத் திருப்தி. மூளைக்குப் பில் போட்டால் கொள்ளை என்கிறோம்.

பெரிய ஒர்க்‌ஷாப்கள் பாகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கின்றன என்று எல்லோரும் குறை சொல்கிறோம். சரிதான், அவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் பாகத்துக்கு மட்டுமே காசு கொடுப்போம் என்று அவர்களுக்குப் பழக்கிவிட்டது நாம்தான். தேடுவதற்குக் கூலி இல்லையென்றால் யார் தேடுவார்கள்? அண்ணாச்சியின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, பைக் ஷோரூமில் விற்பனைக்குப் போய்விட்டான்.

அதனால் இனி நான் வைத்திருக்கும் வழக்கம் இது. வண்டியை விடும்போதே, "கண்டுபிடிக்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு, தனித்தனியாகச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். எந்தச் சோதனையில் பழுது தெரிந்தது என்று காட்டச் சொல்வேன். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குவேன். ஒன்றும் மாற்றாமல் சரிசெய்தால் முகம் சுளிக்காமல் கொடுப்பேன்.

அன்று கூடுதலாக ஐந்நூறு கொடுத்தேன். வேண்டாம் என்றவர் கையில் திணிக்க வேண்டியிருந்தது. பழைய சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அடுத்த ஆயில் சர்வீஸுக்குப் போகும்போது சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.